வெள்ளம் வருகிறது, துவக்கை என்ன செய்வது? படுவான்கரைக் கமக்காரர் கேட்பவை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் ஒவ்வொரு வருடமும் பெரும்போக (பருவமழைக்கால நெற்செய்கை) ஆரம்பக் கூட்டம் முடிந்து, விதைப்புத் திகதியெல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, வெளியே மரத்தடியில் நாலைந்து பேர் என்னைச் சுற்றி நிற்பார்கள். எல்லோரும் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதி எடுத்துத் துவக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருப்பவர்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது: பன்னிரண்டு போர், ஒற்றைக்குழல். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறக்கப்போகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னால் அரிசி, அடையாள அட்டை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. துவக்குக்கு மட்டும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை, வயல் வட்டை பார்க்கிறவன். உங்கள் அனுமதிப்பத்திரத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைதான் கடைசிச் சொல்.

கேள்வி: வீட்டை விட்டுப் போகும்போது துவக்கைக் கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா?

இரண்டும் சரியில்லை. வெள்ளத்துக்கு நாம் போய்த் தங்கும் முகாம் என்பது பெரும்பாலும் ஒரு பாடசாலை. வகுப்பறைக்கு ஆறேழு குடும்பம், பாய்க்குப் பாய் பிள்ளைகள். அங்கே துவக்குக்கு இடமில்லை. விட்டுவிட்டுப் போனால் ஆளில்லாத ஊரில் பூட்டிய வீடு. களவு போய் அந்தத் துவக்கால் எங்காவது ஒரு காரியம் நடந்தால் முதலில் வந்து கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான்.

நான் செய்வது, தண்ணீர் வர முன்பே கொண்டுபோய்ப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைப்பது. மழை இரண்டு மூன்று நாள் விடாமல் பிடித்தது, குளம் வான் பாயும் கட்டத்துக்கு வந்துவிட்டது என்றால் அன்றைக்கே போய்விடுவேன். பதிவுப் புத்தகத்தில் தொடரிலக்கத்தோடு எழுதுவித்து, பற்றுச்சீட்டோ எழுத்தோ ஏதாவது ஒன்றை வாங்காமல் திரும்புவதில்லை. ஐப்பசியிலேயே ஒருமுறை போய், "வெள்ளம் வந்தால் கொண்டுவந்து தரலாமா, வைக்க இடம் இருக்கிறதா" என்று கேட்டு வையுங்கள். அவசரத்தில் போய் நின்றால் அவர்களுக்கும் நூறு வேலை இருக்கும்.

கேள்வி: கையில் துவக்கு இருந்தால் முகாமில் நமக்கு ஒரு பாதுகாப்புத்தானே?

நானும் 2011 ஜனவரியில் அப்படித்தான் நினைத்தேன். அந்த வெள்ளம் எங்கள் பக்கத்தை எப்படி மூடியது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. துவக்கைக் கழற்றி உரபேக்கில் சுற்றி, பாயின் அடியில் வைத்துக்கொண்டு மூன்று இரவு அதன்மேல் படுத்தேன். படுத்தேன் என்பது சும்மா ஒரு சொல். நித்திரை ஏது?

சாப்பாட்டுப் பார்சல் வந்தால் வரிசைக்குப் போக முடியாது. மலசலகூடத்துக்குப் போகவேண்டுமென்றால் மனைவியை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். இரண்டாம் நாள் பக்கத்துக் குடும்பத்துச் சின்னப்பிள்ளை ஒன்று ஓடிவந்து பாய்மேல் குதித்தான். "மாமா, இதுக்குள்ள என்ன, இரும்பு குத்துது" என்றான். உழவு மிசினின் ஒரு துண்டு என்று சொன்னேன். பிள்ளைக்குப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் இரவு இரண்டு பேர் குடித்துவிட்டு ஒரு பொலித்தீன் விரிப்புக்காகச் சண்டை பிடித்தார்கள். நான் பயந்தது அவர்களுக்கு அல்ல. என் பாயின் அடியில் இருப்பது அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு.

அந்த மூன்று நாளும் துவக்கு என்னைக் காக்கவில்லை, நான்தான் அதற்குக் காவல் இருந்தேன். இன்னொன்று, அனுமதி கொடுத்திருப்பது பயிரைக் காக்க. முகாமில் பயிர் இல்லை.

கேள்வி: என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றைத்தான் எடுக்க நேரம் என்றால் எதை எடுப்பது?

போடியார், அதாவது பெரிய வயற்சொந்தக்காரர், குடும்பங்களில் இந்தக் கேள்வி வரும். அப்பப்பாவின் இரட்டைக்குழல் ஒன்று, பிறகு எடுத்த ஒற்றைக்குழல் ஒன்று. மனம் இரட்டைக்குழலைத்தான் எடுக்கச் சொல்லும். கட்டையில் பழைய ஆட்களின் கைத்தழும்பு இருக்கிறது, விலையும் கூட. நான் விலையைப் பார்க்கமாட்டேன். களவெடுத்தவன் அன்றிரவே எதைப் பாவிக்கக்கூடும் என்று பார்ப்பேன். நல்ல நிலையில், தோட்டா போட்டவுடன் வெடிக்கக்கூடியது எதுவோ அது முதலில் வெளியேற வேண்டும். விசைநெம்பு உடைந்து பத்து வருடமாகச் சுவரில் தொங்குவது பின்னால் வரட்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நடுவில் மடிந்து திறக்கும் துவக்கு மூன்று துண்டாகக் கழரும்: குழல், குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை, விசையோடு சேர்ந்த பின்கட்டை. இரண்டு துவக்கையும் தூக்க முடியாவிட்டால், விட்டுவிட்டுப் போகிற துவக்கின் குழலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீட்டில் பூட்டிவிடுங்கள். எடுப்பவனுக்கு ஒரு கட்டைதான் கிடைக்கும். எடுத்த துண்டோடு அந்தத் துவக்கின் அனுமதிப்பத்திரமும் இருக்க வேண்டும். வெறும் குழலோடு வழியில் நின்றால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

கேள்வி: பொலிஸுக்குப் போக நேரமே கிடைக்கவில்லை. வீட்டில் எங்கே வைப்பது?

எதற்காக ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆற்று வெள்ளம், குளத்து வெள்ளம் என்றால் உயரம் வேண்டும். கல்வீட்டில் கொங்கிரீட் பிளேற் போட்ட அறை இருந்தால் அதன் மேல்தட்டில், கழற்றி, எண்ணெய் பூசி, பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். பழைய ஆட்கள் கூரை வளையில் சொருகுவார்கள். முந்தேனியாறு பெருகினால் வளைவரை தண்ணீர் வராத வீட்டுக்கு அது சரி.

சூறாவளி என்றால் அதே வளை மிக மோசமான இடம். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் முதலில் போனது கூரைதான். எங்கள் அம்மா சொல்லுவார், விடியப் பார்த்தால் வீட்டுக்குள் வானம் தெரிந்ததாம். கூரையோடு துவக்கும் பறந்து அடுத்த வளவில் விழுந்தால் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. காற்றுக்குப் பதிவான இடம் வேண்டும், யன்னல் இல்லாத உள்ளறை, இரும்பு அலுமாரி. இந்தக் காலத்தில் சூறாவளிக்கு ஒரு நாளாவது முன்னறிவித்தல் கிடைக்கிறது. ஆகவே "நேரம் இல்லை" என்ற காரணம் சூறாவளிக்குப் பெரும்பாலும் செல்லாது.

சுனாமி என்றால் துவக்கைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கல்முனை, காரைதீவு, திருக்கோவில் பக்கம் வீடும் மேற்கே வயலுமாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டும், துவக்கு கடற்கரை வீட்டில்தான் இருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். அலுமாரித் திறப்பைத் தேடுகிற நேரத்தில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம்.

கேள்வி: மறந்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போய் எடுக்கலாமா?

வேண்டாம். 2024 நவம்பர் 26, காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. மிசின் பாரம், அதை நீர் என்ன செய்யும் என்று நம்பித்தான் நாம் எல்லோரும் வீதி கடக்கிறோம். கிரான் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும்போதும் அதே நம்பிக்கைதான். பொலிஸுக்குப் போன் எடுத்து, "இன்ன வீட்டில் இன்ன இலக்கத் துவக்கு பூட்டிக் கிடக்கிறது, நான் முகாமில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: கொண்டு போகத்தான் வேண்டுமென்றால் எப்படிக் கொண்டு போவது?

அதாவது பொலிஸ் நிலையம்வரை. முதலில் தோட்டாவைக் கழற்றுங்கள். கழற்றிவிட்டேன் என்று நினைத்தால் போதாது, குழலைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். பிறகு மூன்று துண்டாக்கி ஒரு சாக்கில், தோட்டா வேறொரு பையில். துவக்கு ஒருவர் கையில், தோட்டா இன்னொருவர் கையில் என்று கொடுக்க வேண்டாம். அனுமதி உங்கள் பெயரில்தான் இருக்கிறது, இரண்டும் உங்கள் பொறுப்பு.

தோளில் கொழுவிக்கொண்டு வீதியில் நடக்காதீர்கள். வேறு மாவட்டத்துக்காரருக்கு இது பெரிதாகத் தெரியாது. எங்கள் பக்கம் துவக்கோடு ஓர் ஆள் இருட்டில் வருகிறான் என்றால் பார்க்கிறவருக்கு என்ன ஞாபகம் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். கடற்படையோ இராணுவமோ படகோடு ஏற்ற வந்தால் ஏற முன்பே, கை தெரிய நின்று, "ஐயா, அனுமதித் துவக்கு ஒன்று இருக்கிறது, கழற்றியிருக்கிறது, பத்திரம் இதோ" என்று சொல்லுங்கள். ஏறின பிறகு சாக்குக்குள் குழல் தட்டுப்பட்டால் அதே விஷயம் வேறு கதையாகிவிடும். ஏற்ற மாட்டோம் என்றால் ஏற்ற மாட்டார்கள். அப்போது அவர்களிடமே ஒப்படைத்து, பெயர் இலக்கம் குறித்துக்கொண்டு ஏறுங்கள்.

கேள்வி: தோட்டா எத்தனை எடுக்கலாம்?

வைத்திருக்கும் எல்லாவற்றையும், பொலிஸில் ஒப்படைக்க. அனுமதிக்கு மேல் இருந்தால் அது வெள்ளம் வர முன்னமே இருக்கும் பிரச்சினை.

கேள்வி: எந்தப் பத்திரம் முக்கியம்?

அனுமதிப்பத்திரம்தான். துவக்கு ஆற்றோடு போனால்கூட முறைப்பாடு எழுதித் தப்பலாம். பத்திரம் இல்லாமல் துவக்கு மட்டும் கையில் இருந்தால் நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை.

இதில் எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு வில்லங்கம் இருக்கிறது. அனுமதி டிசம்பர் 31 உடன் முடியும். புதுப்பிக்கும் காலம் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர். எங்களுக்கு வெள்ளம் வருவதும் அதே மாதங்களில். கொழும்பில் யாரோ நாட்காட்டியைப் பார்த்துப் போட்ட காலம். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியைப் பார்த்துப் போட்டதில்லை. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) கொடுத்த பத்திரம் திரும்பி வரவில்லை, வீட்டில் தண்ணீர், கையில் துவக்கு, வழியில் கேட்கிறார்கள் என்ற நிலைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஆகவே ஒக்டோபர் முதல் கிழமையிலேயே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். கொடுக்க முன் இரண்டு போட்டோகொப்பி; ஒன்று அடையாள அட்டையோடு பொலித்தீனில், மற்றது நகரத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். போனில் ஒரு படமும் இருக்கட்டும். பணம் கட்டிய பற்றுச்சீட்டைப் பத்திரத்தைப் போலவே பாதுகாக்க வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதி கொடுப்பவர் மாவட்டச் செயலாளர், அதாவது எங்கள் வாயில் ஜீஏ. ஆள் பாதுகாப்புக்கென்று கொடுப்பது பாதுகாப்பு அமைச்சு. எந்த வகை என்று தெரியாமல் எந்தக் கந்தோருக்குப் போவது என்று அலைய வேண்டாம், பத்திரத்தின் தலைப்பிலேயே இருக்கும்.

கேள்வி: கணவர் வெளிநாட்டில். வீட்டில் நானும் பிள்ளைகளும்தான். துவக்கை நான் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

இப்படி ஒரு தங்கச்சி கேட்டபோதுதான் இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. அனுமதி ஆளுக்கு, வீட்டுக்கு அல்ல. மனைவி என்றாலும், மகன் என்றாலும், நம்பிக்கையான பக்கத்து வீட்டு அண்ணன் என்றாலும் அந்தப் பத்திரம் அவர்களுக்குச் செல்லாது. நீங்கள் தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்காதீர்கள். பொலிஸுக்கு அறிவித்து, அவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். விதானையாருக்கும் (கிராம சேவகர்) சொல்லி வையுங்கள். உண்மையில் இது கணவர் விமானம் ஏற முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. நீண்ட நாள் ஊரில் இருக்க மாட்டேன் என்றால் துவக்கைப் பொலிஸில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். போனில் பேசும்போது அவரிடம் சொல்லுங்கள், நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

கேள்வி: யானையை விரட்டப் போடும் யானை வெடியைக் கொண்டு போகலாமா?

முகாமுக்குள் கூடவே கூடாது. பிள்ளைகள் பட்டாசு என்று நினைப்பார்கள். கையில் வெடித்து விரல் போனவர்கள் எல்லைக் கிராமங்களில் இருக்கிறார்கள். நனைந்த வெடியை அடுப்பங்கரையிலோ வெயிலிலோ காயவைப்பது அதைவிட மோசம். நனைந்தால் நனைந்ததுதான், வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் சொல்லி வேறு கேளுங்கள்.

கேள்வி: அனுமதி இல்லாத இடியன் துவக்கு, கட்டுத்துவக்கு இருந்தால்?

இதை மெதுவாகத்தான் கேட்பார்கள். நானும் மெதுவாகவே சொல்லுகிறேன், ஆனால் முழுதாகச் சொல்லுகிறேன்.

கட்டுத்துவக்கு முதலில். பன்றிக்கென்று வரம்போரம் கம்பி கட்டி வைக்கிறார்களே, அது சட்டத்துக்கு மாறு என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்தில் அது வேறொரு விதத்தில் பயங்கரம். தண்ணீர் ஏறும் இரவில் மனிதர் வீதியால் போவதில்லை. மேடு எங்கே இருக்கிறதோ அங்கே போவார்கள். குளக்கட்டு, காட்டோரம், பன்றி போகும் அதே வழி. கையில் பிள்ளை, தலையில் மூட்டை, ரோச்சும் இல்லை. கம்பி முழங்காலில் படும். மழை பிடித்தால் முதல் வேலை, கட்டினதை அவிழ்ப்பது. கட்டியவர் இதை வாசிக்கிறார் என்றால், இன்றைக்குப் போய் அவிழ்த்துவிட்டு வரவேண்டும், திரும்பக் கட்டவும் கூடாது.

இடியன் துவக்கு: குழல் வாயால் மருந்து போட்டு இடித்த பிறகு லேசில் இறக்க முடியாது. இடித்தபடியே கூரையில் சொருகி வைத்திருப்பார்கள். வெள்ளத்துக்குப் பயந்து வாவியில் எறிவதும், வளவில் தாழ்ப்பதும் தீர்வல்ல. தண்ணீர் வடிந்தால் பிள்ளைகள் கையில்தான் முதலில் அகப்படும். ஒரு சட்டத்தரணியிடம் பேசி, அவர் மூலம் ஒப்படையுங்கள். அரசாங்கம் இடைக்கிடை பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கும். அதைத் தவற விடாதீர்கள்.

கேள்வி: ஊரே காலியானால் யானை வந்து நெல்லைத் தின்றுவிடும். துவக்கோடு ஒருவர் பின்தங்கினால் என்ன?

யானை வரும்தான், விதைநெல் மூட்டையின் மணம் அதற்குத் தெரியும். ஆனால் சுற்றிவரத் தண்ணீர் நிற்கும் வீட்டில் ஓர் ஆளும் ஒரு துவக்கும் யானையை என்ன செய்ய முடியும்? வெடிவைத்து விரட்டினால் அது போவதற்கும் மேடு வேண்டுமே. இருக்கிற ஒரே மேட்டில் நீங்கள் நிற்கிறீர்கள். யானையைச் சுட அந்த அனுமதி இடம் தருவதுமில்லை. விதைநெல்லில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கம் ஏற்றிவிடுவது நல்லது. மிச்சத்தை யானை தின்றால் நட்டஈட்டுக்குப் படத்தோடு எழுதுங்கள்.

கேள்வி: துவக்கு தண்ணீரில் மூழ்கிவிட்டது. என்ன செய்வது?

முதலில் எதுவும் சுடக்கூடாது. "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஒரு வெடி வைப்பதுதான் கையைக் கொண்டு போகும். குழலில் சேறு அடைத்திருந்தால் குழல் வெடித்துப் பிளக்கும்.

தோட்டா இல்லை என்று உறுதி செய்து, மூன்று துண்டாக்கி, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வாவித் தண்ணீர், கடல் தண்ணீர் என்றால் இரண்டு மூன்று முறை. உப்பு ஓர் இரவிலேயே துருவைக் கொண்டுவரும். வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பிடித்து உள்ளே பாருங்கள், வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். இரும்பை வெயிலில் காயவைக்கலாம், கட்டையை நிழலில்தான். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்த பிறகு மெல்லிதாக எண்ணெய். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு, நாளடைவில் அது பிசினாகும். தையல் மிசின் எண்ணெய் நல்லது.

நனைந்த தோட்டாவைப் பாவிக்க வேண்டாம். 2011இல் என் சட்டைப் பையில் நான்கு கிடந்தன. காய்ந்த பிறகு பார்க்க நன்றாகத்தான் இருந்தன. உற்றுப் பார்த்தால் பித்தளை அடியைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு. மருந்து பாதி நனைந்தால் "புஸ்" என்று மட்டும் சத்தம் வரும், உள்ளே அடைப்பு குழலின் நடுவில் நின்றுவிடும். அடுத்த தோட்டா அதில் போய் முட்டும். எண்ணிப் பொலிஸில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்த பிறகு வயலில் துருப்பிடித்த இரும்பு ஒன்று தெரிகிறது. துவக்குச் சாமான் போல இருக்கிறது.

தொடாதீர்கள், மண்வெட்டியால் தட்டாதீர்கள். மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் யுத்தகாலத்தில் மண்ணுக்குள் போனதெல்லாம் கணக்கெழுதிப் போகவில்லை, வெள்ளம் அரித்துவிட்டுப் போகும். கம்பு நட்டு ஒரு துணி கட்டி, பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990.

கேள்வி: ஒப்படைத்த துவக்கைத் திரும்ப எடுக்கும்போது எதைக் கவனிப்பது?

முகாமிலிருந்து நேரே போய் எடுக்க வேண்டாம். வீடு காய்ந்து, கதவு பூட்டு சரியாகட்டும். போகும்போது பற்றுச்சீட்டு, நடப்பு வருட அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை. ஜனவரியில் போகிறீர்கள் என்றால் பழைய வருடப் பத்திரத்துக்குத் தரமாட்டார்கள். மேசையில் வைத்தே குழலைத் திறந்து பாருங்கள், தொடரிலக்கத்தைப் பத்திரத்தோடு ஓர் எண் விடாமல் ஒப்பிடுங்கள். எனக்கு ஒருமுறை 3 என்பதை 8 என்று எழுதிவிட்டார்கள். துரு மூடிய இலக்கம், மழை இருட்டில் எழுதியது, யாரையும் குறை சொல்ல முடியாது. அதைத் திருத்த மூன்று முறை வலையிறவுப் பாலம் கடந்து நகரத்துக்குப் போனேன்.